பின்சக்கரத்துக்கு எந்தப் பட்டன்?

எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன ஐப்பசியில் தன் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்குக்குப் பின் டயர் வாங்கிக்கொண்டு வந்தான். "சாஃப்ட் டயர்ணே. பாறையில பசை மாதிரி ஒட்டும்" என்றான். டயரின் பக்கவாட்டில் சாஃப்ட் என்று எழுதியிருந்தது உண்மைதான். டயரின்மேல் துருத்தி நிற்கும் ஒரு பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நகம் வலித்ததே தவிர ரப்பரில் தடம் விழவில்லை.

சாஃப்ட் என்பது ரப்பரைப் பற்றிய சேதி இல்லை, தரையைப் பற்றிய சேதி. இளகின மண்ணுக்கான டயரில் பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி, விறைப்பாக நிற்கும். மண்ணைக் குத்தி இறங்கவேண்டும், மறுசுற்று வருவதற்குள் ஒட்டின சேற்றை உதறிவிட்டு வரவேண்டும். பட்டன் வளைந்துகொடுத்தால் இரண்டும் நடக்காது. இறுகின தரைக்கான டயரில்தான் பட்டன் குட்டையாக, நெருக்கமாக, ரப்பர் இளக்கமாக இருக்கும். குத்த முடியாத தரையில் ஒட்டித்தானே நிற்க முடியும்? தம்பி நேர்மாறாக வாங்கியிருந்தான். கயத்தாறு பக்கத்துச் சரளையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டினான். உயரமான பட்டன்கள் கெட்டித் தரையில் அசைந்து அசைந்து அடிவேரில் வெடிப்பு விட்டன. நடுவரிசையில் நான்கைந்து பட்டன் பாதியாகப் பிய்ந்துபோயிருந்தது.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பின்சக்கர டயரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பேச்சில் பெரும்பகுதி வேறு ஊரின் மண்ணில், வேறு வண்டியில் ஓட்டியவர்கள் பேசியது. நூறு கிலோவைச் சற்றே தாண்டும் 300 சிசி டூ ஸ்ட்ரோக் என்டியூரோ வண்டிக்காரர் ஒரு டயரை மெச்சினால், அதை ஏறக்குறைய 160 கிலோ எடையும் சுமார் 19 குதிரைத்திறனும் உள்ள நம் எக்ஸ்பல்ஸ் 200-க்கு அப்படியே பொருத்திப் பார்க்கிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் நான் எடைபோடப் போவது ஒரே வண்டியை, ஒரே மாவட்டத்து மண்ணில். வண்டி எக்ஸ்பல்ஸ்: முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், ஸ்போக்ஸ் சக்கரம், ட்யூப் டயர், பின் அளவு 120/80-18. மண் தூத்துக்குடி மாவட்டம். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல். கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் சரளையும் சுக்கான் கல்லும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரி மணல். டயருக்கு இவ்வளவு முரணான மூன்று மண்ணையும் ஒரே மாவட்டத்தில் காட்டும் இடம் அதிகம் இருக்காது. ஆனால் நகரத்தில் இருக்கிற எனக்கு எந்தத் திசையில் போனாலும் மண்ணைத் தொடச் சுமார் 40 கிலோமீட்டர் தார். இந்தத் தார்க் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை.

முதலில், பின்சக்கரத்தின் வேலை என்ன? தள்ளுவது. அதற்கடுத்து, இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது. வழுக்கும்போது ஓட்டுகிறவனுக்கு முன்கூட்டியே தெரியும்படி வழுக்குவது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலையைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மண்ணில் பின்சக்கரம் வழுக்குவது கோளாறு இல்லை, அதுதான் இயல்பு. வளைவில் வால் ஒதுங்கினால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தியோ, உடம்பைக் கொஞ்சம் சாய்த்தோ சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் நமக்கு அவகாசமே கிடையாது. வழுக்கினது தெரிகிற நேரத்தில் தோள் தரையில் இருக்கும். அப்படியிருந்தும் கடைக்குப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பின் டயரைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, முன்னால் கம்பெனி டயரையே வைத்துக்கொள்வார்கள். பின் டயர்தான் பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது, வேறென்ன.

பின் டயர் தேய்வது ஒரு தனிக் கதை. 2021 டக்கார் ராலியில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டார்கள்: ராலி முழுவதற்கும் பின் டயர் ஆறுதான். முன் டயருக்கு அப்படி ஒரு தடை போடவேண்டிய தேவையே வரவில்லை. இயந்திரத்தின் மொத்த பலமும் போய் முடிகிற இடம் பின் பட்டனின் ஓரம். அந்த ஓரம் கூராக இருக்கும்வரைதான் அது பட்டன், மழுங்கிவிட்டால் வெறும் ரப்பர் மேடு. பட்டன் உயரம் பாதி மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கவேண்டும். மோட்டோகிராஸ்காரர்கள் டயரைக் கழற்றித் திசை மாற்றிப் போடுவது இதற்காகத்தான். தள்ளித் தள்ளி மழுங்கின பக்கம் பின்னால் போய், கூரான பக்கம் முன்னால் வரும். பக்கவாட்டு அம்புக்குறி ஒரே திசைதான் என்று சொல்லும் டயரில் மட்டும் இந்த வேலை ஆகாது.

உயரத்தைப் பற்றி இன்னொரு சேதி. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் நடத்தும் என்டியூரோ போட்டிகளில் பின் டயரின் பட்டன் உயரம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, டயருக்குச் சாலை அனுமதியும் இருக்கவேண்டும். மோட்டோகிராஸ் டயர்களில் இதைவிட உயரமான பட்டன்கள் உண்டு. அந்த 13 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டுதான் உலகத்தின் தேர்ந்த என்டியூரோக்காரர்கள் சேறும் வேரும் நனைந்த பாறையும் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்குப் போதுமான உயரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க் கரை ஏறுகிற எனக்குப் போதாது என்று சொல்ல நான் கொஞ்சம் வெட்கப்படவேண்டும்.

அளவுக்கு வருவோம். 140/80-18 போட்டால் வண்டி பெரிய வண்டி மாதிரித் தெரியும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 அங்குல ரிம் என்பது 457 மில்லிமீட்டர். 120/80 டயரின் பக்கச் சுவர் 96 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து முழு உயரம் 649. 140/80-இன் பக்கச் சுவர் 112, முழு உயரம் 681. வித்தியாசம் கிட்டத்தட்ட 5 சதவீதம். பின் ஸ்ப்ராக்கெட்டில் நாற்பது பல் இருக்கிறதென்றால் அதில் இரண்டு பல்லைக் குறைத்தது போல ஆகிவிடும். 19 குதிரைத்திறன் வண்டியில் அதை முதல் கியரில் மேடு ஏறும்போதே உணரலாம். ஸ்விங் ஆர்முக்கும் செயினுக்கும் டயருக்கும் நடுவில் இருந்த சந்தும் போய், ஈரக் கரிசல் வந்து அடைத்துக்கொள்ளும். அகலமான டயர் மணலில் மிதக்கும் என்கிறார்கள். மிதக்கும்தான், அதைச் சுழற்ற எஞ்சினில் சக்தி இருந்தால்.

இன்னொரு கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பழைய ஹிமாலயன் 411-இன் பின் டயர் 120/90-17. அதன் முழு உயரம் 648 மில்லிமீட்டர். எக்ஸ்பல்ஸின் 18 அங்குலச் சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சொல்லப்போனால் ஹிமாலயனின் பக்கச் சுவர் 12 மில்லிமீட்டர் கூடுதல், கல்லில் மோதும்போது அது நல்லது. அப்படியென்றால் 18 அங்குலத்துக்கு ஏன் இந்த மரியாதை? மண் வண்டிகளின் உலகம் பின்னால் 18-ஐயும் 19-ஐயும் வைத்தே வளர்ந்தது என்பதால் அசல் பட்டன் டயர்கள் அந்த அளவுகளில்தான் வரிசையாகக் கிடைக்கின்றன. மோட்டோகிராஸ் 19-ஐ எடுத்துக்கொண்டது. பக்கச் சுவர் குட்டை, வளைவில் டயர் நெளியாது. கல்லும் வேரும் பார்க்கிற என்டியூரோ 18-ஐ எடுத்துக்கொண்டு, மிச்சமான இடத்தைப் பக்கச் சுவருக்குக் கொடுத்தது. 18 அங்குலம் நமக்குக் கொடுப்பது பிடிப்பு அல்ல, தேர்ந்தெடுக்கும் வசதி.

டயர் அட்டையில் 50-50 என்றும் 70-30 என்றும் சாலைக்கும் மண்ணுக்கும் பங்கு பிரித்துப் போடுவார்கள். அவரவர் கம்பெனி அவரவர் போட்டுக்கொள்வது அது. ஒரு கம்பெனியின் 50-ஐ இன்னொரு கம்பெனியின் 50-ஓடு வைத்துப் பேசுவதில் பயனில்லை. அதைவிட உபயோகமானவை பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் சின்ன எழுத்துகள். வேகக் குறியீடு எம் என்றால் 130 கிலோமீட்டர் வரை, ஆர் என்றால் 170 வரை. நாலு இலக்கத் தேதி எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3824 என்றால் 2024-இன் 38-ஆவது வாரம். சாலைக்கு உரியதல்ல என்ற குறிப்பு இருந்தால் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். நம்மூரில் சாலையில் ஓடும் இருசக்கர டயருக்கு ஐஎஸ் 15627 தரச் சான்று வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபிறகு, வெளிநாட்டுப் பட்டன் டயர் என்பது கிடைத்தபோது கிடைப்பது என்றாகிவிட்டது. நான் ஒருமுறை பழைய சரக்கு ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். ஆறு வருஷம் கிடங்கில் கிடந்த டயர். பட்டன் கண்ணாடி போல இருந்தது, ஈரத் தாரில் பிரேக் தொட்டபோது வால் தனியே ஒரு வழி பார்த்தது.

இனி வகைகளுக்கு வருவோம்.

துடுப்பு டயரை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அது மணல்மேட்டுக்கும் பெரிய எஞ்சினுக்கும் உள்ளது, நமக்கு வேடிக்கை பார்க்க.

ட்ரையல்ஸ் டயர் அப்படி ஒதுக்கத் தக்கதல்ல. பார்வைக்குச் சாது: குட்டைப் பட்டன்கள், வரிசையாக, நெருக்கமாக. ரப்பர் அவ்வளவு இளக்கம், பக்கச் சுவர் அவ்வளவு மெல்லிசு. காற்றைக் குறைத்துவிட்டால் பாறையின் மேடு பள்ளத்தை அப்படியே கவ்விக்கொள்ளும். பல ஹார்டு என்டியூரோக்காரர்கள் பின்னால் இதைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் தள்ளிக்கொண்டு ஏறும் பாறையில் உட்கார்ந்தபடியே ஏறுகிறார்கள். ஆனால் சேற்றை உதறத் தெரியாது. 160 கிலோ வண்டியோடு 40 கிலோமீட்டர் தாரில் போனால் மெல்லிய பக்கச் சுவர் நெளிந்து, வண்டி படகு மாதிரி ஆடும். குறுக்குச்சாலை தாண்டி ஒருமுறை நண்பன் வண்டியில் இதை ஓட்டிப் பார்த்தேன், எழுபதுக்கு மேல் மனம் வரவில்லை.

கம்மி டயர் என்று சொல்கிற பசை ரப்பர் பட்டன் டயருக்கும் இதே தீர்ப்புதான், கொஞ்சம் கடுமையாக. ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் நடக்கும் ரோடியோ போன்ற பந்தயங்களுக்கு, ஒரே நாளில் தேய்ந்துபோனாலும் பரவாயில்லை என்று செய்யப்பட்டது அது. கோடையில் நம்மூர் நான்குவழிச் சாலைத் தாரில் அது ரப்பர் அழிப்பான் மாதிரி தேயும்.

மியூஸ் போட்டால் பஞ்சர் கவலையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ட்யூபுக்குப் பதில் டயருக்குள் நுரை வளையம். 1980-களில் மிச்செலின் பாரிஸ்-டக்காருக்காகக் கொண்டுவந்தது. தாரில் நீள ஓட்டினால் உள்ளே சூடேறி வளையம் சிதைந்துவிடும், சாலைக்கு அனுமதியும் கிடையாது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் பொருள் அது.

மிச்சம் மூன்று: இளமண் மோட்டோகிராஸ் டயர், சாலை அனுமதியுள்ள அசல் பட்டன் டயர் (பைரெல்லி எம்டி 21, டன்லப் டி 606 மாதிரி), நெருக்கக் கட்டை டயர் (கான்டினென்டல் டிகேசி 80 மாதிரி). 2020-இல் ஹீரோ கொண்டுவந்த ராலி கிட்டில் மேக்ஸ்சிஸ் பட்டன் டயர்கள் இருந்தன. அன்றிலிருந்து எக்ஸ்பல்ஸ்காரர்கள் மனதில் பட்டன் டயர் என்றால் ராலி என்று பதிந்துவிட்டது. 2024 டக்காரில் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ராலி 2 பிரிவை வென்ற ஹரித் நோவாவின் படத்தைப் பார்த்தபிறகு எங்கள் பையன்களுக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. அவர் ஓட்டியது 450 சிசி வண்டி என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளவேண்டும்.

மண்ணில் வைத்துப் பார்க்கலாம். கரிசலில் இரண்டு பருவம். காய்ந்த கரிசல் கல். கை நுழைகிற வெடிப்பு விட்ட கல். அதில் எந்த டயரும் நிற்கும், கவலைப்படவேண்டியது முன்சக்கரம் வெடிப்புக்குள் சிக்கிக்கொள்வதைப் பற்றித்தான். ஈரக் கரிசல் வேறு சாதி. பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி விட்டால் சேறு தானே உதிரும் என்பது தத்துவம். வேகமாகச் சுழன்றால் உதிரும். கரிசல் களி அந்த வேகத்தை எடுக்கவிடாது. இருபது அடி போவதற்குள் டயர், மட்கார்டு, செயின் எல்லாம் ஒரே கருப்பு உருண்டை. விளாத்திகுளம் தாண்டி ஒரு மழைநாளில் மோட்டோகிராஸ் டயர் போட்டிருந்த நண்பனும் கம்பெனி டயர் போட்டிருந்த நானும் ஒரே இடத்தில் நின்றோம். அவன் என்னைவிட ஏழெட்டு அடி முன்னால் நின்றான், அவ்வளவுதான். அந்த ஏழெட்டு அடிக்காக வருஷத்தில் பத்து மாதம் தவறான டயரில் ஓட்டவேண்டுமா? உழுத புஞ்சையைக் கெடுக்காமல் அன்றைக்கு வீட்டில் இருப்பது உத்தமம்.

சரளைதான் எங்களுக்கு அதிகம் வாய்ப்பது. கெட்டித் தரைமேல் உருளும் சின்னக் கற்கள். பட்டன் கல்லை விலக்கிக்கொண்டு அடித்தரையைத் தொடவேண்டும், தொட்டபிறகு வளையாமல் நிற்கவேண்டும். இங்கே உயரம் பகையாகிறது. அசல் பட்டனும் கட்டை டயரும் நேருக்கு நேர் மோதுவது இந்தத் தரையில்தான். நேர் ஏற்றத்தில் பட்டன் டயர் சற்று மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். வளைவில் கட்டை டயர் வழுக்க ஆரம்பிப்பது முன்னதாக, ஆனால் மெதுவாக. பட்டன் டயர் பிடித்துப் பிடித்து நின்றுவிட்டு, ஓரப் பட்டனுக்குச் சாய்கிற அந்த இடைவெளியில் சட்டென்று விடும். தேர்ந்த கைக்கு அது விளையாட்டு. எனக்கு முதல் வகைதான் பிடிக்கிறது, ஏனென்றால் அது சொல்லிவிட்டு வழுக்குகிறது.

தேரி பற்றி. காப்புக்காட்டுக்குள் போகக்கூடாது; நான் சொல்வது வெளியே பனை விளைகளுக்கு நடுவில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளுக்குப் போகிற வண்டித்தடங்களை. செக்கச் சிவந்த நுண்மணல், கணுக்கால் வரை இறங்கும். இங்கே இளமண் டயர் ஜெயிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தள்ளித் தள்ளி நிற்கும் பட்டன் மணலை வாரித் தள்ளும், நெருக்கக் கட்டை ஒரே இடத்தில் சுழன்று குழி தோண்டும். ஆனால் நான் முதன்முறை தேரியில் மாட்டிக்கொண்டு, பின்சக்கரம் அச்சு வரை புதைந்து, விடிலிக்காரர் ஒருவர் வந்து தூக்கிவிட்ட அன்றைக்கு என் டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தது. அவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை மறக்கவில்லை: "காத்தப் புடுங்கும் தம்பி. மாட்டு வண்டிச் சக்கரம் மாரில்ல இருக்கு." புடுங்கினேன். 15-இல் அதே டயர், அதே மணல், மெதுவாகவேனும் நகர்ந்தது.

காற்றை நான் டயருக்குச் சமமாக வைப்பதற்கு இது மட்டும் காரணமில்லை, எளிய கணக்கும் இருக்கிறது. வண்டியும் நானும் சாமானும் சேர்ந்து 235 கிலோ, அதில் பின்சக்கரத்தில் இறங்குவது சுமார் 125 கிலோ. 30 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ, அந்த அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட என் உள்ளங்கையின் பெரும்பகுதி. 15-க்கு இறக்கினால் 120. டயரின் உடல் விறைப்பும் கொஞ்சம் பாரம் சுமக்கும் என்பதால் அச்சாக இரண்டு மடங்கு வராது, ஆனாலும் பக்கத்தில் வரும். ஒரு டயரைக் கழற்றி இன்னொரு டயரை மாட்டினால் தொடுபரப்பு இரண்டு மடங்காகுமா? ஆகாது. பத்தாயிரம் ரூபாய் தராத வித்தியாசத்தை வால்வுக் கம்பியை அழுத்தும் சாவி முனை தருகிறது.

இதற்கு விலை உண்டு. காற்று குறைந்தால் கல்லில் ரிம் இடித்து, நடுவில் மாட்டின ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது டயர் ரிம்மின்மேல் நகரும், கூடவே ட்யூபையும் இழுக்கும், வால்வு வேரோடு பிய்யும். முதலாவதற்குக் கனமான ட்யூப், இரண்டாவதற்கு டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக். இரண்டும் இல்லாமல் 18-க்குக் கீழே இறக்காதீர்கள். முள் தனிப் பிரச்சினை. சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் கிடக்காத தடம் எங்கள் பக்கம் இல்லை. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ரப்பரும் துணியும்தான், தள்ளித் தள்ளி பட்டன் இருந்தால் முள்ளுக்கு அவ்வளவு வாசல் திறந்திருக்கிறது. நெருக்கக் கட்டை டயருக்கு மாறியபிறகு என் பஞ்சர் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊருக்குத் திரும்பும்போது தாருக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்றவேண்டும். குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் போனால் டயர் கொதிக்கும். கால் பம்ப் ஒன்று பையில் கிடக்கட்டும்.

புதுக்கோட்டை விலக்கில் நான் போகும் பஞ்சர் கடை அண்ணாச்சிக்கு இந்த விவகாரத்தில் நம்பிக்கை இல்லை.

"பின்னாடி முப்பத்திரண்டு வச்சிருவமா?"

"பதினெட்டு போதும் அண்ணாச்சி."

"பதினெட்டா? ஏன், உருட்டிக்கிட்டா போவப் போறிய?"

ஆக என் தீர்ப்பு இது. தாரில் போய் மண்ணில் ஓட்டித் தாரில் திரும்புகிற, ட்யூப் போட்ட, 160 கிலோ எக்ஸ்பல்ஸுக்குப் பின்னால் கம்பெனி அளவிலேயே நெருக்கக் கட்டை டயர். உயரம் 13 மில்லிமீட்டரைத் தாண்டவேண்டாம். ரிம் லாக், கனமான ட்யூப், மண்ணில் 18, தேரியில் 15. மிச்சமான பணத்துக்கு முன்னால் நல்ல பட்டன் டயர். பின்னால் சாது, முன்னால் முரடு. பார்க்க விசித்திரமாக இருக்கும், எனக்கு அதில் வருத்தமில்லை. இதற்கு ஒரு மறுப்பு நியாயமானது: தாரில் பிரேக்கின் பெரும்பங்கு முன்சக்கரம் சுமப்பது, நனைந்த தாரில் பட்டன் டயர் குறைவாகத்தான் பிடிக்கும். எங்கள் மாவட்டத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்த தார் என்பதால் அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறேன், மழை மாதங்களில் முன்னால் பழைய கம்பெனி டயருக்கு மாறிக்கொள்கிறேன். நீலகிரியிலோ கன்னியாகுமரி மலையடியிலோ இருப்பவருக்கு தீர்ப்பின் இந்தப் பகுதி செல்லாது.

வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆள் இருந்தால், அல்லது வீடே மண்தடத்தின் ஓரத்தில் இருந்தால் எம்டி 21, டி 606 வகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். தார் இல்லாத கணக்கில் அவற்றின் குறை பாதிக்குமேல் அழிந்துவிடுகிறது. வண்டி இலேசாக இருந்தால் இன்னும் நல்லது. தேரிக்கென்றே ஓட்டுகிறவர் இரண்டாவது ரிம் ஒன்று வாங்கி இளமண் டயரை அதில் மாட்டி வைத்துக்கொள்ளட்டும். தெருத் தம்பி அதைத்தான் செய்யப்போகிறான். பிய்ந்த பட்டனெல்லாம் மணலுக்குப் பெரிய குறையில்லை, அதனால் அந்த சாஃப்ட் டயரைத் தூக்கி எறியவில்லை. தூத்துக்குடியில் பழைய 18 அங்குல ரிம் ஒன்றுக்கு அலைந்துகொண்டிருக்கிறான். யாரிடமாவது இருந்தால் ஸ்போக்ஸைத் தட்டிப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.